நாற்பது வருஷ வில்லங்கம்

கல்யாணம் பண்ணிப் பார், வீட்டைக் கட்டிப் பார் என்பார்கள். சர் தாமஸ் மேரியன் வில்சன் என்ற லண்டன் சீமான் முதலாவதைப் பண்ணிப் பார்க்கவேயில்லை. கடைசிவரை பிரம்மச்சாரி. இரண்டாவதை மட்டும் நாற்பது வருஷம் விடாமல் பண்ணிப் பார்த்தார். கிரகப்பிரவேசத்துக்கு நாள் அமையாமலே போய்ச் சேர்ந்தார். லண்டன்காரர்கள் இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் நாயை இழுத்துக்கொண்டு, அல்லது நாயால் இழுக்கப்பட்டு, ஹாம்ப்ஸ்டெட் ஹீத்தில் மூச்சு வாங்குகிறார்களே, சுமார் 800 ஏக்கர் மேடும் புதரும் குளமுமாக, அது மிஞ்சியதற்கு மூல காரணம் இந்த மனுஷரின் தோல்விதான். அவருக்கு அங்கே ஒரு சிலை வைத்திருக்கலாம். வைக்கவில்லை.

அவர் காலத்தில் ஹீத் ஒன்றும் அழகுப் பூங்கா இல்லை. மணல் திட்டு, முட்புதர், சேறு. விவசாயத்துக்கு லாயக்கில்லாததால்தான் பல நூற்றாண்டாக யாரும் அதைச் சீந்தவில்லை. சுற்றியிருந்த குடிகள் மாடு மேய்த்தார்கள், மணல் அள்ளினார்கள், அடுப்பெரிக்கப் புதர் வெட்டினார்கள். லண்டன் கனவான்களின் சட்டைகளும் உள்ளாடைகளும் ஹாம்ப்ஸ்டெட்டில்தான் வெளுக்கப்பட்டு ஹீத் முழுக்கக் காய்ந்தன. வாடகைக்குக் கழுதைச் சவாரியும் உண்டு. 1850-களில் கார்ல் மார்க்ஸ் ஞாயிறுதோறும் குடும்பத்தோடு கூடையில் சாப்பாடு கட்டிக்கொண்டு இங்கேதான் வருவார். கழுதை மேல் ஏறி சவாரியும் செய்திருக்கிறார், அதுவும் பார்ப்பவர்கள் சிரிக்கிற அளவுக்கு. நிலவுடைமையை ஒழிக்கக் கிளம்பியவர் கழுதை ஓட்டிய அந்த மண்ணுக்குச் சட்டப்படி உடைமையாளர் நம் சர் தாமஸ்.

அங்கே இருந்ததும் ஏறக்குறைய ஜமீன் முறைதான். மண் ஜமீனுடையது. மண்மேல் மேய்வதிலும் முளைப்பதிலும் குடிகளுக்குப் பாத்தியம். இரண்டு பேரும் முழு உரிமை கொண்டாடலாம், இரண்டு பேராலும் முழுசாக ஒன்றும் செய்ய முடியாது. வக்கீல்கள் செழித்து வாழ இதைவிடத் தோதான ஏற்பாடு கிடையாது.

சர் தாமஸின் அப்பா பெயரும் சர் தாமஸ்தான். 1821-இல் அவர் கண்ணை மூடினார். உயிலைப் பிரித்தார்கள். நம்மூர் பத்திர எழுத்தர் பாஷையில் சொன்னால், மகன் ஆயுள்வரை சொத்தை ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது, விற்க பாத்தியமில்லை. குத்தகைக்கு விடலாம், ஆனால் 21 வருஷத்துக்கு மேல் விடக்கூடாது. மாடு மேய்க்கிறவனுக்கு 21 வருஷம் தாராளம். வீடு கட்டுகிறவனுக்கு? லண்டனில் அப்போது 99 வருஷக் குத்தகை கிடைத்தால்தான் கொத்தனார் செங்கல்லையே தொடுவார். காரை காய்ந்து, மாடி ஏறி, குடிபுகுந்து, மருமகள் வந்து, மாமியாரோடு சண்டை போட்டு முடிப்பதற்குள் 21 வருஷம் ஓடிவிடும். அப்புறம் வீடு ஜமீனுக்கு.

ஊர் முழுக்க வீடு முளைத்துக்கொண்டிருந்த காலம் அது. பக்கத்து எஸ்டேட்காரர்கள் எல்லோரும் பிளாட் போட்டுக் கொழிக்கிறார்கள். இவர் மட்டும் லண்டனின் மிகச் சிறந்த காற்றோட்டமான மேட்டை வைத்துக்கொண்டு சலவைத் துணியை வேடிக்கை பார்க்கிறார். அப்பா கட்டிய முடிச்சை அவிழ்க்க ஒரே வழி பாராளுமன்றம். உயிலில் இப்படிக் குறை இருந்தால் தனி மசோதா கொண்டுவந்து சரிசெய்துகொள்வது அன்றைய பிரபுக்களுக்கு ரேஷன் கார்டில் பெயர் திருத்துகிற மாதிரி சாதாரண வேலை. கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தார்கள். 1829-இல் இவரும் கேட்டார்.

லண்டனே எழுந்து நின்றது. ஏழைகளின் நுரையீரலைப் பறிக்கிறான், சிறுவர்களின் விளையாட்டைப் பறிக்கிறான், கவிஞர்களின் சூரியோதயத்தைப் பறிக்கிறான்! கத்தியவர்கள் யார் என்று பார்த்தால் விஷயம் சுவாரசியமாகிறது. ஹீத்தைச் சுற்றி மாளிகை கட்டி வாழ்ந்த வங்கி முதலாளிகள், வக்கீல்கள், புத்தக வெளியீட்டாளர்கள். எல்லோருக்கும் மேலே, ஹீத்தின் வடக்கே கென்வுட் மாளிகையில் இருந்த மான்ஸ்ஃபீல்ட் பிரபு. அவருடைய வரவேற்பறை ஜன்னலைத் திறந்தால் சர் தாமஸ் வீடு கட்ட நினைத்த ஈஸ்ட் பார்க் வயல்கள். ஏழைகளின் நுரையீரல் மேல் பிரபுவுக்கு இருந்த கரிசனம் அந்த ஜன்னலின் அகலத்துக்குச் சரியாக இருந்தது.

மசோதா தோற்றது. அடுத்த வருஷம் மறுபடி போனார், மறுபடி தோற்றார். 1840-களில் மீண்டும். ஹீத்தில் கட்டப்போவதில்லை, அதை ஒட்டிய என் சொந்த வயலில்தான் கட்டப்போகிறேன் என்று சொல்லிப் பார்த்தார். யாரும் நம்பவில்லை. நம்பாததில் கொஞ்சம் நியாயமும் இருந்தது. ஆனால் என்னைக் கேட்டால், இந்தக் கட்டத்தில் அவர் பக்கமே நான் சாய்வேன். வங்காள விரிகுடாவைப் பார்த்தபடி பன்னிரண்டு மாடி கட்டிக்கொண்டு, எதிர் வீட்டுக்காரன் மொட்டை மாடியில் தகரக் கொட்டகை போட்டால் சுற்றுச்சூழல் வழக்குப் போடுகிற ஆட்களை நாமும் பார்த்திருக்கிறோம்.

கோபத்தில் சர் தாமஸ் ஒரு காரியம் செய்தார். வீடுதானே கட்டக்கூடாது, பாலம் கட்டலாமே! வரப்போகும் மாளிகைகளுக்குச் சாலை வேண்டும், சாலை ஒரு பள்ளத்தைத் தாண்ட வேண்டும். 1844 வாக்கில் செங்கல் வளைவுகளோடு கம்பீரமாக ஒரு பாலம் தொடங்கினார். அடியில் இருந்தது சதுப்பு. அஸ்திவாரம் போடப் போட உள்ளே இறங்கியது. பணமும் கூடவே இறங்கியது. மூன்று வருஷம் மல்லுக்கட்டி முடித்தபோது, எங்கிருந்தோ தொடங்கி எங்கேயும் போகாத ஒரு பிரமாதமான பாலம் ஹீத்துக்குப் பக்கத்தில் நின்றது. இன்றும் நிற்கிறது. கீழே குளம், மேலே காதலர்கள். நாற்பது வருஷ ரியல் எஸ்டேட் பிரயத்தனத்தில் அந்த வயலில் மனிதர் எழுப்பிய முக்கியக் கட்டடம் அதுதான்.

அதன்பிறகு விரோதம் முற்றியது. வீடு கட்ட விடமாட்டாயா, சரி, மேட்டையே பெயர்த்து விற்கிறேன் என்று கிளம்பினார். 1866 வாக்கில் செயின்ட் பாங்க்ரஸுக்கு ரயில் பாதை போட்டுக்கொண்டிருந்த மிட்லண்ட் ரயில்வே கம்பெனிக்கு மணல் வேண்டியிருந்தது. தோண்டிக்கொள்ளுங்கள் என்றார். தோண்டினார்கள். அந்தப் பள்ளங்களில் இன்று மரம் செழித்து நிற்கிறது. நடுவே நடக்கிறவர்கள் இயற்கையின் விசித்திரத்தை வியக்கிறார்கள்.

இந்தச் சமயத்தில்தான் 1865-இல் பொதுநிலப் பாதுகாப்புச் சங்கம் உருவானது. ஜார்ஜ் ஷா-லெஃபெவர் தலைமை. ஜான் ஸ்டூவர்ட் மில் போன்ற பெரிய மூளைகள் உறுப்பினர்கள். வழக்குப் போடுவதுதான் அவர்கள் ஆயுதம். ஆனால் அவர்கள் கதையில் மறக்கமுடியாத ராத்திரி கோர்ட்டில் நடக்கவில்லை, ரயிலில் நடந்தது. ஹீத்தை விட்டு சுமார் இருபத்தைந்து மைல் போகவேண்டியிருக்கிறது, பரவாயில்லை.

பெர்க்காம்ஸ்டெட் என்ற ஊரில் பிரௌன்லோ பிரபு ஊர்ப் பொதுநிலத்தில் நானூறு ஏக்கருக்கு மேல் இரும்பு வேலி போட்டுவிட்டார். அந்த ஊரில் மாளிகை வைத்திருந்த அகஸ்டஸ் ஸ்மித் என்பவருக்கு ஆத்திரம். சங்கத்து வக்கீல் ஒரு யோசனை சொன்னார்: நாமே வழக்குப் போட்டால் வருஷக்கணக்கில் இழுக்கும், வேலியைப் பிடுங்கிவிடுவோம், அவன் வழக்குப் போடட்டும். 1866 மார்ச் 6 நள்ளிரவுக்கு மேல் லண்டன் யூஸ்டன் நிலையத்தில் தனி ரயில் ஒன்று தயாராக நின்றது. 120 கூலியாட்களும் கடப்பாரைகளும் வந்து சேர்ந்தார்கள். வரவேண்டிய காண்டிராக்டரும் துணைக் காண்டிராக்டரும் வரவில்லை. பக்கத்துச் சாராயக்கடையில் நடக்க முடியாத நிலையில் கிடந்தார்கள். வக்கீல் குமாஸ்தா ஒருவர் தளபதியாகப் பதவியேற்று படையை நடத்திப் போனார். விடிவதற்குள் வேலி முழுவதும் கழற்றப்பட்டு, ஒரு கம்பி உடையாமல், அழகாக அடுக்கி வைக்கப்பட்டிருந்தது. காலையில் ஊரே திரண்டு வந்து, உரிமைக்கு அடையாளமாக ஆளுக்கொரு புதர்க்கிளை ஒடித்துக்கொண்டு வீடு திரும்பியது. 1870-இல் தீர்ப்பும் ஸ்மித் பக்கம்.

ஸ்மித்தை மக்கள் தலைவர் என்று கையெடுத்துக் கும்பிடத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். இதே ஸ்மித் சில்லித் தீவுகளின் குத்தகை அதிபதி. அங்கே சாம்சன் என்ற குட்டித் தீவில் மிஞ்சியிருந்த குடிகளை 1855-இல் காலி பண்ணிவிட்டு, அதை மான் பண்ணையாக்க மதில் கட்டியவர். மான்களுக்கும் அவரைப் பிடிக்கவில்லை, ஓடிவிட்டன.

ஹீத்துக்குத் திரும்புவோம். அதே 1866-இல் வங்கி முதலாளி ஜான் கர்னி ஹோர் சர் தாமஸ் மேல் வழக்குத் தொடுத்தார். வாய்தா மேல் வாய்தா. தீர்ப்பு வருவதற்குள் 1869-இல் சர் தாமஸ் இறந்துபோனார். ஊர் மகிழ்ச்சியை மறைக்கப் பெரிதாக முயற்சி செய்யவில்லை. பட்டம் தம்பி சர் ஜானுக்கு வந்தது. இவர் அண்ணன் மாதிரி இல்லை, இனிமையானவர், விவரமானவர். வழக்கை விட்டார், விலை பேசினார். 1871-இல் 220 ஏக்கர் ஹீத் 45,000 பவுனுக்கு லண்டன் மாநகரப் பணிகள் வாரியத்தின் கைக்குப் போனது. பத்திரிகைகள் தம்பியைப் பாராட்டின.

அப்பாவின் உயில் கட்டிப்போட்டது அண்ணனை மட்டும்தான். அந்த நல்ல தம்பியின் குடும்பம்தான், முறையான 99 வருஷக் குத்தகைகளோடு, ஹீத்துக்குத் தென்மேற்கே ஸ்விஸ் காட்டேஜ் பக்கமிருந்த வயல்களில் தெருக்களைப் போட்டது. சேரிக் குழந்தைகள் நடந்து வரக்கூடிய கடைசிப் பச்சை அதுதான் என்று 1875-இல் ஆக்டேவியா ஹில் என்ற அம்மையார் நிதி திரட்டினார். பணம் குவிந்தது. ஆனால் நிலத்துக்காரர்களுக்கு வேறு கணக்கு. அங்கே இப்போது ஃபிட்ஸ்ஜான்ஸ் அவென்யூ, இருபுறமும் பெரிய பெரிய வீடுகள். முரடன் அண்ணன் நாற்பது வருஷம் கத்தி ஒரு ஏக்கரையும் தெருவாக்க முடியவில்லை. சிரித்த முகத் தம்பி வயலையே விழுங்கினார். ஆக்டேவியா ஹில் மட்டும் பாடம் கற்றுக்கொண்டார். இருபது வருஷம் கழித்து நேஷனல் டிரஸ்ட் அமைப்பைத் தொடங்கிய மூவரில் அவரும் ஒருவர்.

1889-இல் மான்ஸ்ஃபீல்ட் பிரபு வகையறாவின் பாராளுமன்றக் குன்று வயல்களையும், சர் தாமஸின் பழைய கனவான ஈஸ்ட் பார்க்கையும் பாலத்தோடு சேர்த்து பொதுமக்களுக்காக வாங்கினார்கள். சுமார் 260 ஏக்கர், ஏறக்குறைய 3 லட்சம் பவுன். பதினெட்டு வருஷத்தில் ஏக்கர் விலை ஐந்து மடங்குக்கு மேல். அண்டை வீட்டான் கட்டக்கூடாது என்று கத்தியவர்களுக்கும் கடைசியில் நல்ல விலையே கிடைத்தது.

பிறகு வந்தவர் நம் கதையின் கெட்டிக்காரி, ஹென்ரியட்டா பார்னெட். கிழக்கு லண்டன் ஏழைகளிடையே பாதிரியாரான கணவரோடு உழைத்தவர். வார இறுதிக்கு ஹீத் ஓரம் ஒரு வீடும் வைத்திருந்தார். அந்த வீட்டுப் பக்கம் இடி விழுந்தது. சார்ல்ஸ் யெர்க்கிஸ் என்ற அமெரிக்க முதலாளி, பிலடெல்பியாவில் சிறையும் பார்த்து வந்தவர், ஹீத்துக்கு அடியில் சுரங்க ரயில் விட்டு கோல்டர்ஸ் கிரீன் வயல்வெளிக்குக் கொண்டுபோகத் திட்டம் போட்டார். கரும்பும் நெல்லும் விளையாத ஊரிலும் ரயில் வந்தால் மனை விளையும் என்பது அவர் சூத்திரம். நடுவில் வைல்ட்ஸ் பண்ணை. சொந்தக்காரர்கள் ஈட்டன் கல்லூரி.

விலைக்குக் கேட்டுப் போன அம்மாவை ஈட்டன்காரர்கள் மரியாதையாக உட்காரவைத்து, நீங்கள் பெண்பிள்ளை ஆயிற்றே, பொறுப்பான ஆண்களோடு வாருங்கள் என்ற பொருளில் பேசினார்கள். அம்மா போய் இரண்டு பிரபுக்கள், ஒரு பிஷப், சில வக்கீல்கள் என்று ஒரு கொலு வரிசையையே கூட்டிவந்து நிறுத்தினார். வேறு வழி? 80 ஏக்கர் வயல் ஹீத்தோடு சேர்ந்தது. ஆனால் அம்மா அதோடு நிற்கவில்லை. மீதிப் பண்ணையில், 240 ஏக்கர் சொச்சத்தில், தானே வீடு கட்டினார்! கூலிக்காரனும் கோமானும் பக்கத்துப் பக்கத்தில் வாழ ஒரு மாதிரிப் புறநகர், 1907-இல். நடுச்சதுக்கத்துத் தேவாலயங்களை வரைந்தவர் பின்னால் நம் டெல்லியைக் கட்டிய லுட்யென்ஸ். சுவருக்குப் பதில் செடிவேலி. சத்தம் கூடாது, கோயில் மணியும் அடிக்கக் கூடாது. சாராயக்கடைக்கு இடமே இல்லை. கூலிக்காரர்கள் வேலை முடிந்து திரும்பிப் பார்த்தார்கள், ரோஜாச் செடி இருந்தது, பீர் இல்லை. காலப்போக்கில் கோமான்கள் மட்டும் மிஞ்சினார்கள். வயலைக் காப்பாற்ற வயலில் கட்டிய வீடுகள் இன்று லண்டனிலேயே யானை விலை, குதிரை விலை.

யெர்க்கிஸ் 1905 கடைசியில் செத்துப்போனார், ரயில் 1907 ஜூனில் ஓடத் தொடங்கியது. நடுவில் நார்த் எண்ட் என்று ஒரு நிலையத்துக்காக பூமிக்கு அடியில் நடைமேடைவரை தோண்டியிருந்தார்கள். மேலே வீடு வரவேண்டிய இடம் பொதுவெளி ஆகிவிட்டது. டிக்கெட் வாங்க முயல்கூட இல்லை. மேலே ஏறப் படிக்கட்டோ லிஃப்டோ வைக்காமலே வேலையை நிறுத்திவிட்டார்கள். 1950-களில்தான் மேலிருந்து ஒரு வழி போட்டார்கள், பயணிகளுக்காக அல்ல. ரஷ்யாக்காரன் குண்டு போட்டு தேம்ஸ் நதி சுரங்கத்துக்குள் பாய்ந்தால் வெள்ளக் கதவுகளை மூடுகிற அறைக்காக.