எம்மானுவேலும் எங்கட பெடியளும்

1974 ஜூனில் பாரிஸில் 'எம்மானுவேல்' படம் வெளியானபோது யாழ்ப்பாணத்தான் தோட்டத்தில் நின்றான். பிரதமர் சிறிமா அம்மையார் இறக்குமதியை இறுக்கிப் பிடித்ததில் மிளகாயும் வெங்காயமும் நல்ல விலை. சினிமாவும் இறக்குமதிச் சாமான்தான். எந்தப் படம் வரலாம் என்பதை அரசாங்கத் திரைப்படக் கூட்டுத்தாபனம் பார்த்துக்கொண்டது. 'வயது வந்தவர்களுக்கு மட்டும்' என்று ஒரு இங்கிலிஷ் படம் றீகல் தியேட்டருக்கு வந்தால், எங்கட ஆள் லைற் அணைந்த பிறகுதான் உள்ளே போவார். இடைவேளையில் திரும்பினால் பின்வரிசையில் கணக்கு வாத்தியார். ஒருவரை ஒருவர் காணவில்லை. அடுத்த கிழமை முழுக்க வகுப்பில் அடி விழவில்லை.

எம்மானுவேல் கதை என்ன? கலியாணம் கட்டின பெட்டை, தூதரகத்தில் வேலை பார்க்கும் புருஷனிடம் பாங்கொக் போகிறாள். ஸ்பொன்சரில் போன பொம்பிளை, அவ்வளவுதான். (எம்ஜிஆர் 'உலகம் சுற்றும் வாலிபன்' மூலம் அதற்கு முதல் வருஷமே பாங்கொக் போய்விட்டார், அவருக்கு உடுப்பு மட்டும் நிறைய.) நடிகை சில்வியா கிறிஸ்டல் முத்துமாலையோடு பிரம்புக் கதிரையில் இருந்த போஸ்டர் உலகப் பிரசித்தம். கதிரைக்கே அவள் பெயர் விழுந்தது. எங்கட ஊரில் அந்த மாதிரிக் கதிரை பென்ஷன் எடுத்த அப்பப்பாவுக்குரியது. அதில் குமர்ப்பெட்டை கால்மேல் கால் போட்டிருந்ததைக் கண்டாலே அப்பம்மாவுக்கு மிச்சப் படம் தேவையில்லை.

இரண்டாம் பாகம் 1975, ஹொங்கொங். மூன்றாம் பாகம் 1977, சீஷெல்ஸ். ஏஜென்சிக்காரன் இல்லாமல் இப்படி ஒரு ரூட்டா? 1984இல் வந்த நாலாம் பாகத்தில் கிறிஸ்டல் பிரேசிலுக்கு ஓடிப்போய், சத்திரசிகிச்சை செய்து, முகம் மாறி, மியா நீக்ரன் என்ற வேறு நடிகையாக எழும்புகிறாள். சுத்தத் தலைமாத்து! எங்கட ஏஜென்சிகள் பாஸ்போட்டில் படத்தை மட்டும் மாற்றி அந்த வேலையை மலிவாக முடித்தன.

83 யூலைக் கலவரத்துக்குப் பிறகு பெடியள் அவள் போன வழியை மற்றப் பக்கமாகப் பிடித்தார்கள். பாங்கொக் லொட்ஜில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு மாதக்கணக்கில் கிடந்து, ஒருமாதிரி பாரிஸ் போய்ச் சேர்ந்தால், ஷான்ஸெலிஸே வீதித் தியேட்டர் ஒன்றில் இன்னும் முதலாம் பாகமே ஓடிக்கொண்டிருக்கிறது! அந்த ஒரே தியேட்டரில் பத்து வருஷத்துக்கு மேல் ஓடியது. அங்கே ஒளிச்சுப் போகவும் தேவையில்லை, வாத்தியாரும் இல்லை.

அம்மாவுக்குக் கடிதம் போனது: "இங்கை சரியான குளிர். கோப்பை கழுவிக் கை வெடிச்சுப் போச்சு. படம் கிடம் பாக்க நேரமில்லை."

முதல் இரண்டும் உண்மை.