விருந்தினர் பெட்டியும் மூட்டைப்பூச்சி நுழைவும்: ஒரு தடுப்பியல் ஆய்வு

மூட்டைப்பூச்சியை ஒழிப்பது பற்றி நம் வீடுகளில் மண்ணெண்ணெய்க் கட்சி, வெந்நீர்க் கட்சி, பம்பு மருந்துக் கட்சி என முப்பெரும் மரபுகள் உண்டு. மூன்றும் பூச்சி உள்ளே வந்து குடும்பம் நடத்தத் தொடங்கிய பின் எழுந்த மரபுகள். அது வராமலே காப்பது எப்படி என்பதே ஈண்டு எடுத்துக்கொண்ட பொருள். வந்ததை அடிக்கச் செருப்பு போதும். வருமுன் தடுக்கத் தாட்சண்யம் பார்க்காத மனம் வேண்டும். அது தமிழ்க் குடும்பங்களில் எளிதில் கிடைக்காத சரக்கு ஆகையால் இத்துறை வளராமல் கிடக்கிறது.

முதற்கண் பூச்சியின் இயல்பு. குளிர்நாட்டு இனத்துக்கு 1758-இல் லின்னேயஸ் சைமெக்ஸ் லெக்டுலேரியஸ் என்று பெயர் சூட்டினார். நம் பக்கத்து வெப்பமண்டல இனம் சைமெக்ஸ் ஹெமிப்டெரஸ். இரண்டும் பறக்கா, குதிக்கா, நடக்கும், அவ்வளவே. அரிசி மணி அளவுகூட இல்லாத ஒன்று தெருவைத் தாண்டி, கேட்டைக் கடந்து, இரண்டு மாடி ஏறி நம் மெத்தையை வந்தடைந்தது என்பதை ஆய்வுலகம் ஏற்காது. எனவே யாரோ தூக்கி வந்திருக்கிறார்கள். யார் என்று கேட்டதும் வீட்டில் பேச்சுவார்த்தை முறிந்துபோவதால், ஆய்வு பெரும்பாலும் இந்த இடத்திலேயே நின்றுவிடும்.

நின்றுவிடாத வீடுகளில் மூன்று கொள்கைகள் நிலவுகின்றன. ரயில் பெர்த்தில் ஒட்டிக்கொண்டு வந்தது என்பது ஒன்று. திருவல்லிக்கேணி மேன்ஷனில் தங்கி வேலை தேடியவரின் படுக்கைச் சுருளில் வந்தது என்பது மற்றொன்று. பழைய தியேட்டர் நாற்காலியைக் குறை சொல்வது மூன்றாவது. அதை இப்போது வயதானவர்கள் மட்டுமே ஆதரிக்கிறார்கள். எந்தக் கொள்கையானாலும் தூக்கி வந்தவர் எதிர்த்தரப்பு உறவினராகவே இருப்பார். மனைவி கொழுந்தனாரின் பெட்டியைக் காட்டுவார். கணவர் மைத்துனரின் பையைக் காட்டுவார். பூச்சி நடுநிலை வகிக்கும்.

அழுக்கு வீட்டில்தான் மூட்டைப்பூச்சி அண்டும் என்ற வாதமும் உண்டு. பெரும்பாலும் பக்கத்து வீட்டாரைக் குறித்தே அது சொல்லப்படுகிறது. பூச்சியின் உணவு இரத்தம் ஒன்றே. மார்பிள் தரையானாலும் சாணம் மெழுகிய தரையானாலும் அதற்குக் கவலையில்லை. ஆயினும் இங்கே ஒரு நுட்பம் உண்டு. மனிதர் உடுத்திக் களைந்த துணியின் வாடை அதை இழுக்கிறது என்று 2017-இல் ஷெஃபீல்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சோதித்துக் காட்டினார்கள். துவைத்த துணிப் பையைவிட அழுக்குத் துணிப் பையில் ஏறத்தாழ இருமடங்கு பூச்சிகள் கூடினவாம். பயணம் போனவர் அழுக்குத் துணியைத் திறந்த பையில் போட்டு லாட்ஜ் கட்டிலடியில் வைப்பது பூச்சிக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பதற்குச் சமம். லாட்ஜில் பெட்டி இருக்க வேண்டிய இடம் குளியலறை. டைல்ஸ் தரையில் ஒளிவதற்கு இடம் குறைவு.

இத்துறையின் முன்னோடி லண்டனைச் சேர்ந்த ஜான் சவுத்தால். மூட்டைப்பூச்சி பற்றி 1730-இல் தனி நூலே எழுதி, பெரும் மருத்துவரான சர் ஹான்ஸ் ஸ்லோனுக்குக் காணிக்கையாக்கியவர். புதிதாய் வேலைக்கு வருபவரின் பெட்டியை வீட்டுக்குள் விடுமுன் சோதித்துப் பார் என்பது அவர் அறிவுரைகளுள் ஒன்று. சித்தப்பாவின் பெட்டியைச் சோதிப்பது எங்ஙனம் என்பது பற்றி அவர் மூச்சுவிடவில்லை. விருந்தோம்பலுக்குத் தனி அதிகாரமே வகுத்த வள்ளுவரும் விருந்தினர் கொண்டுவரும் பெட்டியைத் தொடவில்லை. பெரியோர் இருவரும் தவிர்த்ததிலிருந்தே சிக்கலின் ஆழம் விளங்கும்.

அகழிக் கோட்பாடு இதனினும் பழமையானது. இலக்குமி தாமரையில் இருப்பதும், சிவன் இமயத்தில் கிடப்பதும், திருமால் பாற்கடலில் பள்ளிகொண்டதும் மூட்டைப்பூச்சிக்கு அஞ்சியே என்று வடமொழிப் புலவர் ஒருவர் கேலி பாடியிருக்கிறார். கேலி ஒருபுறம் இருக்க, திருமால் கையாண்ட முறை அறிவியலுக்கு ஒத்தது. கட்டில் கால்களின் கீழே தண்ணீர்க் கிண்ணம் வைக்கும் வழக்கம் பாற்கடலின் சிக்கன வடிவம். இதையே மேலைநாட்டார் வழவழப்பான பிளாஸ்டிக் கிண்ணமாகச் செய்து விற்கிறார்கள். விழுந்த பூச்சி சுவரில் ஏற முடியாமல் உள்ளேயே கிடக்க வேண்டும் என்பது ஏற்பாடு. குளிர்நாட்டுப் பூச்சி அவ்வாறே கிடக்கிறது. நம் வெப்பமண்டலப் பூச்சிக்குக் காலில் பிடிமான மயிர்கள் மிகுதி. ஆய்வகத்தில் இரண்டையும் விட்டுப் பார்த்தபோது நம்முடையது ஏறி வெளியே வந்துவிட்டது. இதில் பெருமைப்படுவதா வருந்துவதா என்று முடிவு செய்ய இயலவில்லை. கிண்ணம் வைப்பவர் தண்ணீரையும் ஊற்றி வைப்பது நலம். அதன் பிறகும் விருந்தினர் வந்ததும் வராததுமாகப் பெட்டியைக் கட்டில்மேல் வைத்துத் திறந்தால், பாற்கடலின் நடுவில் நாமே பூச்சியை இறக்கியவர்கள் ஆவோம்.

நிறக் கோட்பாடு சுருக்கமாக: 2016-இல் வெளிவந்த ஓர் ஆய்வின்படி மூட்டைப்பூச்சி சிவப்பையும் கறுப்பையும் நாடுகிறது, பச்சையையும் மஞ்சளையும் ஒதுக்குகிறது. இதைக் கொண்டு மஞ்சப்பையோடு வரும் மாமாவைச் சோதனையின்றி உள்ளே விடலாம் என்று கூறுவோர் உளர். அது பொருந்தாது. பூச்சி நடமாடும் நள்ளிரவில் பைக்கு ஏது நிறம்?

விருந்தோம்பலின் மறுகோடியைக் காட்டச் சூரத் நகரச் செய்தி ஒன்று உதவும். பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் அங்கு வந்த ஆங்கிலப் பாதிரியார் ஓவிங்டன், பூச்சிகளையும் காக்கும் சீவகாருண்ய விடுதி ஒன்றைப் பற்றி எழுதியிருக்கிறார். அவ்வப்போது ஓர் ஏழையைக் கூலிக்கு அமர்த்தி, இரவு முழுதும் பூச்சிகளுக்கு இரையாக அங்குள்ள படுக்கையில் கிடத்துவார்களாம். கடி பொறுக்காமல் ஓடிவிடக் கூடாது என்று கட்டியும் வைப்பார்களாம். நாம் கூலி வாங்காமலே இதைச் செய்து வருகிறோம்.

இனி இவ்வாய்வின் சொந்தப் பங்களிப்பு. அதற்கு ‘எறும்பு வாதம்’ எனப் பெயரிடலாம். விருந்தினர் படியேறியதும், “வாங்க மாமா, பெட்டிய குடுங்க, மாடி ரூம்ல வெச்சிடறேன். கீழ ஒரே எறும்பு” என்று கையிலிருந்து வாங்கிவிட வேண்டும். மூட்டைப்பூச்சியின் பேரைச் சொன்னால் உறவு அறும். எறும்பின் பேரைச் சொன்னால் யாரும் கோபித்ததில்லை. எறும்பும் மறுப்பு வெளியிடாது. அடுத்த அடி: “வெந்நீர் போட்டிருக்கு, குளிச்சிட்டு வாங்க. கழட்டுன துணிய அங்கயே விட்டுடுங்க, மெஷின்ல போட்டுடறேன்.” துணி அறுபது டிகிரி வெந்நீர்ச் சுற்றில் போனால் பூச்சியும் முட்டையும் மாளும், ஐம்பதுக்குச் சற்று மேலேயே அவற்றின் கதை முடிந்துவிடும். மாமாவோ இந்த உபசாரத்தைப் பத்து ஊருக்குச் சொல்வார். வெயிலில் போட்டால் போதாதா என்பாருக்கு விடை: மேல்பக்கம் சுட்டால் பூச்சி நிழல்பக்கம் நகர்ந்துவிடும். திருப்பித் திருப்பிப் போட்டுத் தட்டினால் ஒழியப் பயன் குறைவு.

பழைய சாமான் கடைக் கட்டில், மலிவாய் வந்த சோபா ஆகியவற்றுக்கு இவ்வளவு நயம் வேண்டா. வாசலிலேயே கவிழ்த்து, மூட்டுகளில் டார்ச் அடித்துப் பார்க்கலாம், சோபா கோபித்துக்கொள்ளாது.

எறும்பு வாதம் செல்லாத ஒரே வகுப்பார் சம்பந்திகள். அவர்கள் பெட்டியைத் தொட முடியாது. எறும்பைச் சொன்னாலோ, “எறும்பு மொய்க்கிற வீட்டுலயா பொண்ணக் குடுத்தோம்” என்ற துணைச் சிக்கல் கிளைக்கும். அவர்கள் கிளம்பிப் போன மறுநாள் மெத்தையின் தையல் ஓரங்களைப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. மை தெளித்தாற்போன்ற கரும்புள்ளிகள், உரித்த சட்டைகள், ஒரு மில்லிமீட்டர் அளவில் ஒட்டிக்கிடக்கும் வெள்ளை முட்டைகள் ஆகியவை அடையாளம். பூச்சி மிகுந்தால் கொத்துமல்லித் தழையைக் கசக்கினாற்போல் ஒரு வாடையும் எழும். ஆதலால் ரசம் வைத்த அன்று இச்சோதனையை மேற்கொள்ளலாகாது.