புல்லி அண்ணன்

கோயம்புத்தூரில் தெருவுக்கு ஒரு லேத் பட்டறை இருப்பதுபோல, தெருவுக்கு ஒரு புல்லி அண்ணனும் இருப்பார். எங்கள் தெரு அண்ணனிடம் இருப்பது 2001 மாடல் ஹோண்டா சிட்டி வீடெக். செட்டிபாளையம் கரி ஸ்பீட்வேயில் ரேஸ் பார்த்துவிட்டு வந்த கையோடு, கிராங்க் ஷாஃப்ட் நுனியில் நின்று பெல்ட்டைச் சுற்றும் கிராங்க் புல்லியில், எடை குறைந்த அலுமினிய ரகம் ஒன்றை வாங்கிவிட்டார். மாட்டலாமா, வேண்டாமா என்று அன்று தொடங்கிய யோசனைக்கு இப்போது மூன்று வயது.

முதலில் எடை. கம்பெனிப் புல்லி பழசு ஒன்றை உக்கடத்தில் தேடிப் பிடித்து, இரண்டையும் ராஜவீதி நகைக்கடைக்குத் தூக்கிக்கொண்டு போனார். தராசில் வைத்தவர், "ஒன்றரைக் கிலோ வித்தியாசமுங்க. சேதாரம் போட்டுக்கலாங்களா?" என்று கிண்டலாகக் கேட்க, அண்ணனுக்கு முகம் வெளுத்துவிட்டது. சேதாரம் எவ்வளவு என்பதுதானே அவருடைய கவலையே!

கவலையில் நியாயம் உண்டு. நாலு சிலிண்டரும் மாற்றி மாற்றிக் குத்தும்போது கிராங்க் ஷாஃப்ட் மயிரிழை முறுக்கிக்கொண்டு அதிரும். கம்பெனிப் புல்லியில் இரும்பு வளையத்துக்கு நடுவே ஒரு ரப்பர் வைத்திருப்பது அந்த அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளத்தான். கூட்டுக் குடும்பத்தில் எல்லார் கோபத்தையும் வாங்கிக்கொண்டு சும்மா இருக்கும் பெரியம்மா மாதிரி. அலுமினியப் புல்லியில் பெரியம்மா கிடையாது. அதிர்ச்சி நேரே பேரிங்குக்கும் ஆயில் பம்புக்கும் போகும்.

"சில எஞ்சின்ல கம்பெனிக்காரனே ரப்பர் இல்லாமத்தானுங்ணா போடறான்" என்று மெக்கானிக் தம்பி ஒருநாள் சொல்லிவைத்தார். அதிலிருந்து அண்ணன் யாரைப் பார்த்தாலும் "சாப்பிட்டீங்களா" என்று கேட்பதில்லை. "உங்க வண்டிப் புல்லியில ரப்பர் இருக்குதுங்களா?" என்றுதான். போன முகூர்த்தத்தில் மாப்பிள்ளையிடமே கேட்டுவிட்டார்.

அண்ணன் வீட்டு அக்காவும் பொறுத்துப் பார்த்தார். "அதை மாட்டுனா என்னதானுங்க ஆகும்?"

"முதல் ரெண்டு கியர்ல சித்த துள்ளும்."

"காந்திபுரத்துல ரெண்டாவது கியருக்கு மேல என்னைக்குப் போயிருக்கீங்க?"

"அதையேதான் நானும் சொல்றேன்!"

துள்ளலும் பெரிதாக இருக்காது. சுற்றும் பொருளின் பாரம் அச்சை விட்டு விலக விலகத்தான் எஞ்சினுக்குச் சுமை, புல்லியோ உள்ளங்கையளவு. எடை குறைத்தே தீருவேன் என்பவர் ஃப்ளைவீலையும் சக்கரத்தையும் பார்க்கலாம். ரேஸுக்கு ரேஸ் எஞ்சினைப் பிரித்துப் பார்ப்பவர் புல்லி மாட்டட்டும். அவிநாசி ரோட்டு சிக்னலில் ஏசி போட்டு நிற்பவருக்கு அது எதற்கு? புல்லி விட்டத்திலும் சின்னதாக இருந்தால் ஆல்டர்னேட்டர் மெதுவாகச் சுற்றி, ஐடிலில் விளக்கு மங்குவதுதான் மிச்சம். இதையெல்லாம் அண்ணனிடமே சொன்னேன். மூன்று வருடம் யோசித்தவரிடம் பத்து நிமிடத்தில் பதில் சொன்னது என் தப்பு. ஒரு வாரம் பேசவில்லை.

புல்லி இன்னும் பெட்டியில்தான் இருக்கிறது. போன ஆயுத பூஜைக்கும் சந்தனம், குங்குமம் வைத்தார்.