தட்டல் மாமா

வெள்ளவத்தைச் சந்தையில் வத்தகப்பழம் குவிகிற நாளில் தட்டல் மாமாவுக்குப் பின்னால் நிற்க நேர்ந்தவர்களுக்கு அவரை அறிமுகம் செய்யத் தேவையில்லை. பிடரியைக் கண்டாலே போதும், பெருமூச்சு தானாக வரும்.

முதலில் கையிலுள்ள பையைப் பின்னால் நிற்பவரிடம் நீட்டுவார். "இதை ஒருக்காப் பிடியும் தம்பி." பிறகு குவியலை ஒரு சுற்றுச் சுற்றி, ஒரு பழத்தைத் தூக்கி இடக்கையில் ஏந்தி, காதருகே கொண்டுபோய், நடுவிரலை மடக்கித் தட்டுவார். கண் மூடியிருக்கும். அந்த நேரம் பார்த்துக் காலி வீதியில் மொரட்டுவையிலிருந்து புறக்கோட்டைக்குப் போகும் 101ஆம் இலக்க பஸ் ஹோர்ன் அடிக்கும். மாமா கையை உயர்த்துவார். பஸ் போகும்வரை பழமும் அந்தரத்தில், கடைக்காரப் பையனின் தராசும் அந்தரத்தில், வரிசையும் அந்தரத்தில். பிறகு முதலிலிருந்து மறுபடி தட்டல்.

'டிங்' என்றால் காய், 'தொம்' என்றால் பழம், 'பொத்' என்றால் அழுகல். இதுதான் மாமாவின் சாஸ்திரம். சொல்லப்போனால் சாஸ்திரத்தில் பிழையில்லை. வத்தகப்பழம் முற்ற முற்ற அதன் சதை இளகி, தட்டும்போது எழுகிற அதிர்வெண் இறங்கிக்கொண்டே போகும். ஆய்வுகூடங்களில் கருவி வைத்து இந்த ஒலியை அளந்து பார்த்திருக்கிறார்கள். ஆனால் ஆய்வுகூடத்துக்குள் 101ஆம் இலக்க பஸ் ஓடுவதில்லை. அளந்தவர்களுடைய கருவிக்கு எழுபது வயதும் ஆகவில்லை.

அம்பாந்தோட்டைப் பக்கத்திலிருந்து லொறியில் வந்த அதே பழத்தைக் கடைக்காரப் பையன் தட்டுவதே கிடையாது. புரட்டி அடிப்பக்கத்தை ஒருமுறை பார்ப்பான், அவ்வளவுதான். மண்ணில் படுத்துக் கிடந்த அந்த இடம் நல்ல மஞ்சளாக இருந்தால் கொடியிலேயே முற்றிய பழம். வெளிறிக் கிடந்தால் அவசரப்பட்டுப் பறித்தது. 'சுகர் பேபி' போலக் கரும்பச்சைத் தோலுள்ள வகையில் அந்தத் தழும்பு இன்னும் எடுப்பாகத் தெரியும். பையன் மரியாதையாக ஒரு மஞ்சள் வயிற்றைக் காட்டுவான்.

"ஐயா, இத எடுங்க. நல்லாப் பழுத்தது."

"உது ஊத்தை, தம்பி. சத்தம்தான் பொய் சொல்லாது."

கொட்டாஞ்சேனையில் தங்கச்சி வீட்டுக்குப் போகிற நாளில் அங்குள்ள சந்தையையும் விடமாட்டார். அங்கே ஒரு வியாபாரி கத்தியால் முக்கோணமாக ஒரு துண்டைக் கீறி எடுத்துச் சிவப்பை நீட்டினார். மாமா முகத்தைத் திருப்பிக்கொண்டார். "வெட்டிக் காட்டினால் ஆருக்கும் தெரியும்தானே!" சுப்பர் மார்க்கெட்டில் பாதியாய் வெட்டி, பிளாஸ்டிக் தாள் சுற்றி வைத்திருப்பதையும் அவர் தட்டியதுண்டு. உள்ளே சிவப்பு பளிச்சென்று தெரிந்துகொண்டிருந்தது.

எகிப்திய மன்னன் துட்டன்காமூனின் கல்லறையில் வத்தக விதைகள் கிடைத்தன என்று யாரோ சொல்லப்போக, அந்தப் பழங்களைத் தெரிந்தெடுத்தவனும் தட்டித்தான் எடுத்திருப்பான் என்று மாமா தீர்ப்புச் சொல்லிவிட்டார். பேரம் பேசுவது, சில்லறையை மூன்றுதரம் எண்ணுவது எல்லாம் அவரிடம் சின்ன வியாதிகள்.

சிரிப்புக்கு இடமில்லாத ஒன்றும் உண்டு. பிடிக்காத பழத்தை அவர் வைப்பதில்லை, போடுகிறார். குவியலில் விழுகிற வத்தகப்பழம் வெளியே கீறல்கூட இல்லாமல் உள்ளே வெடித்துக்கொள்ளும். அதைக் காசு கொடுத்து வாங்கி, லிஃப்ட் ஓடாத மாடிவீட்டுக்குச் சுமந்துபோகிறவர், மாமாவின் பையைப் பிடித்துக்கொண்டு நின்ற அதே ஆள்தான். பையனுடைய நட்டத்தை யாரும் கேட்பதுமில்லை. வயதானவர் என்பதற்காக இதைப் பொறுத்துப்போகச் சொல்வது நியாயமில்லை.

தெரிந்தெடுத்த பழம் வெளிறிக் கிடந்தால் அதற்கும் மாமாவிடம் வழி இருக்கிறது. அதை அரிசிச் சாக்குக்குப் பக்கத்தில் வைத்து, "நாலு நாள் கிடந்தால் பழுத்திடும்" என்பார். மாம்பழம் பழுக்கும், வாழைப்பழம் பழுக்கும். கொடியை விட்டு வந்த வத்தகப்பழத்தில் இனிப்பு ஏறாது. மாமி இதை எப்போதோ சொல்லிக் களைத்துவிட்டார். ஆனாலும் பழத்தை வெட்டுவது மாமாதான். நடுவில் இருக்கிற கொஞ்சச் சிவப்பைப் பேரப்பிள்ளைகளின் தட்டில் வைத்துவிட்டு, தோலை ஒட்டிய வெள்ளையை உப்பும் மிளகுத்தூளும் தூவித் தான் சாப்பிடுவார். "தண்ணி நல்லாக் கிடக்கு" என்பார். பழத்தில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் தண்ணீர்தான் என்பதால் அதை யாரும் மறுக்க முடியாது.

இப்போது சேவை கடல் கடந்துவிட்டது. டொரோண்டோவில் மகள் கடைக்குள் நின்று வாட்ஸ்அப்பில் அழைக்கிறாள். ஒரு கையில் போன், மறு கையில் பழம். வெள்ளவத்தையில் ஃபேனை நிறுத்தச் சொல்லி, ஜன்னலைச் சாத்தச் சொல்லி, மாமா போனைக் காதோடு அழுத்திக்கொள்கிறார்.

"அது காய், பிள்ளை. வைச்சிட்டு மற்றதைத் தட்டு."

"அப்பா, பின்னால ஆக்கள் நிக்கினம்."

"நிக்கட்டும். நீ தட்டு."