லண்டன் கொல்லையில் வாழை

கேள்வி: பனி விழும் லண்டனில், வீட்டுத் தோட்டத்தில் வாழை வைத்தால் பிழைக்குமா?

பதில்: பிழைக்கும். பழத்தை மட்டும் கடையில் வாங்கிக்கொள்ள வேண்டும்!

நம்மூர் பூவனும் ரஸ்தாளியும் சுமார் 14 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனாலே வளர்வதை நிறுத்திவிடும். ஒரே ராத்திரி உறைபனி விழுந்தால் போதும், காலையில் இலையெல்லாம் கறுத்து வெந்த கீரையாகத் தொங்கும்.

இங்கிலாந்துத் தோட்டங்களில் வெட்டவெளியில் நிற்பது வேறு இனம், மூசா பாஸ்ஜூ. தென் சீனத்துச் சரக்கு. ஜப்பானியக் கவிஞர் மட்சுவோ பாஷோ தன் புனைபெயரை இந்த வாழையிடமிருந்துதான் எடுத்துக்கொண்டார். (வாழைக்குக் கிடைத்த ராயல்டி அவ்வளவுதான்.)

ரகசியம் மண்ணுக்குள் இருக்கிறது. வெளியே தண்டு மாதிரி நிற்பது வெறும் இலையுறைகளின் அடுக்கு. அது குளிரில் அழுகினாலும் கிழங்கு உயிரோடு இருந்தால் வசந்தத்தில் குருத்து விடும். மேலே கனமாக மூடாக்குப் போட்டால் மைனஸ் 10 டிகிரியையும் கிழங்கு தாங்கிவிடும். சசெக்ஸின் கிரேட் டிக்ஸ்டர் தோட்டத்தில் குளிர்காலத்துக்கு முன்பே வாழையைச் சுற்றிக் காய்ந்த பெரணித் தழையைத் திணித்துக் கட்டிவிடுகிறார்கள்.

குளிரைவிடக் கொடிய எதிரி, வேரடியில் தேங்கும் ஈரம். வடிகால் இல்லாத களிமண்ணில் எந்தக் கம்பளியும் உதவாது.

தப்பித்தவறிக் குலை தள்ளினாலும் காய் முழுக்க விதைதான், வாயில் வைக்க முடியாது. கோடையில் இலை மட்டும் தாராளம். காற்று கிழிப்பதற்குள் அறுத்து, விருந்துக்குப் போட்டுவிடுங்கள்.