பெரிய டயரும் ஐந்தாம் சக்கரமும்: ஓர் ஆய்வு

எஸ்யூவிக்கு ஆல்-டெரெயின் டயர் மாட்டுவதற்குக் காரணங்கள் இரண்டு: கரடுமுரடான பாதை, பக்கத்து வீட்டுக்காரர். தமிழ்நாட்டில் இரண்டாவதே வலுவானது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலும் தார் போட்டாயிற்று.

ஆய்வுக்கு உட்படும் வண்டி மாருதி சுசூகி ஜிம்னி. கம்பெனி தரும் டயர் 195/80 ஆர்15. அகலம் 195 மி.மீ., பக்கச் சுவரின் உயரம் அதில் 80 சதவீதம், ரிம் 15 அங்குலம். ஆக விட்டம் 693 மி.மீ. ஆர்வலர்கள் நாடுவது 215/75 ஆர்15. அதன் விட்டம் 703 மி.மீ.க்குச் சற்று மேல். வித்தியாசத்தில் பாதிதான் அச்சுக்குக் கீழே வரும் என்பதால் வண்டி உயர்வது 5 மி.மீ. ஏறியமர்ந்ததுமே அந்த உயரத்தை உணர்ந்ததாக உரிமையாளர்கள் சத்தியம் செய்வர். அகலத்தில் கூடும் 20 மி.மீ.யோ தெருமுனையிலிருந்தே தெரியும். காசு போவது அதற்குத்தான்.

ஆல்-டெரெயின் டயரின் பள்ளம் விழுந்த பட்டைகள் சரளையிலும் சேற்றிலும் நன்றாகப் பிடிக்கும் என்பது உண்மை. தார்ச்சாலையில் அவை ஓயாமல் முனகும். விட்டம் கூடியதால், ஓடோமீட்டர் 1,000 கி.மீ. காட்டும்போது வண்டி 1,015 கி.மீ. ஓடியிருக்கும். மைலேஜ் விழுந்துவிட்டதென்று புலம்புவோர் இந்த 15 கி.மீ.யைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

சிக்கல் ஸ்டெப்னியில் இருக்கிறது. "நாலு போதும் சார், ஸ்டெப்னி பழசே இருக்கட்டும்" என்பது டயர்க் கடைகளில் அடிக்கடி கேட்கும் வாசகம். பஞ்சரான நாளில் அந்தப் பழசு அச்சின் ஒரு பக்கம் ஏறும். மறுபக்கத்துப் பெரிய டயரைவிடக் கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 7 சுற்று கூடுதலாகச் சுற்றும். டிஃபரன்ஷியலுக்கு ஓய்வே இராது. அந்த நிலையில் நான்கு சக்கர இயக்கத்தையும் போட்டுவிட்டால், முன்னச்சும் பின்னச்சும் இறுகப் பிணைந்திருப்பதால் கியர்கள் முறுக்கிக்கொள்ளும். மலையேறுவதற்கென்றே வாங்கிய டயர் மலையில்தான் வண்டியைக் கெடுக்கும்.

டியூப்லெஸ் டயர், காற்றழுத்தத்தைக் கண்காணிக்கும் கருவி, பஞ்சர் கிட் ஆகிய மூன்றும் உள்ள கார்களுக்கு ஸ்டெப்னி கட்டாயமில்லை என்று 2020இல் இந்திய அரசு விதியைத் திருத்தியது. கல் கிழித்த பக்கச் சுவரை எந்தக் கிட்டும் ஒட்டாது என்பதால் காட்டுப்பாதைக்காரர்களுக்கு இச்சலுகை உதவாது.

ஆகவே பெரிய டயர் வாங்குவோர் ஐந்தாக வாங்க வேண்டும். ஐந்தையும் முறைவைத்து மாற்றி மாற்றி ஓட்ட வேண்டும். அவ்வளவு பணமில்லாதவருக்குக் கம்பெனி அளவிலேயே ஆல்-டெரெயின் டயர் கிடைக்கிறது. பக்கத்து வீட்டுக்காரருக்கு வித்தியாசம் தெரியாது, ஸ்டெப்னி பொருந்தும்.