அரைப் பேர்

பத்துக் கிலோ ஓடப்போகிறேன் என்று சொன்னதும் அம்மா அதைத் தேயிலைக் கொழுந்துக் கணக்காகத்தான் எடுத்துக்கொண்டார். "பத்துக் கிலோதானா? அதுக்கா கோயமுத்தூர்லேர்ந்து மெனக்கெட்டு வந்த?" நல்ல பருவத்தில் மத்தியான நிறுவைக்கு முன்பே பத்துக் கிலோவைத் தாண்டியவர் அவர். கிலோமீட்டர் என்று திருத்தினேன். உடனே அடுத்த கேள்வி வந்தது.

"ஓடினா பேரு போடுவாங்களா?"

"பேரு நான்தாம்மா குடுத்திருக்கேன். ஆயிரத்து இருநூறு ரூபா கட்டி."

தோட்டத்துத் தமிழில் பேர் என்றால் ஒரு நாள் கூலி. சொன்ன கிலோவை எடுத்துக் கொடுத்தால் முழுப் பேர், குறைந்தால் அரைப் பேர். காசு கட்டிப் பேர் கொடுத்துவிட்டு ஓடுவது என்பது அம்மாவின் கணக்கில் எந்தப் பக்கத்திலும் பதிய முடியாத விஷயம். வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு பேச்சை முடித்துக்கொண்டார்.

அம்மாவும் அப்பாவும் இலங்கையில் அட்டன் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து வந்தவர்கள். தோட்டத் தமிழர்களில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்பும் ஒப்பந்தத்தில் 1964-ல் சிறிமாவோவும் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டார்கள். இவர்கள் தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கினார்கள். இப்படித் திரும்பி வந்தவர்களுக்காகத் தமிழக அரசு 1968-ல் நீலகிரியில் தேயிலைத் திட்டம் தொடங்கியது. அதில் வேலை கிடைத்துக் குன்னூர் பக்கம் ஒரு தொழிலாளர் லயத்தில் குடியேறினார்கள். நான் பிறந்தது அங்கேதான்.

பள்ளிக்கூடம் நாலு கிலோமீட்டர். காலையில் ஒரே பஸ். அதுவும் மேலே தார்ரோட்டில். சங்கு ஊதியதும் அம்மா இடுப்பில் படங்கைச் சுற்றிக்கொண்டு, ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய்விடுவார். நான் தூங்கி வழிந்து எழுந்தால் பஸ் போயிருக்கும். அப்புறம் தேயிலைக்கு நடுவே குறுக்குப் பாதையில் ஓட்டம்தான். மழைக்காலத்தில் ரப்பர் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வெறுங்காலில் ஓடுவேன். வகுப்புக்குப் போய் உட்கார்ந்த பிறகுதான் கணுக்காலில் அட்டை குடித்துப் பருத்திருப்பது தெரியும். இதற்கெல்லாம் பயிற்சி என்று பெயர் என்பதை நாற்பது வயதுக்கு மேல்தான் கேள்விப்பட்டேன். இப்போது அதே சரிவு ஓட்டத்துக்குத் தனியாகக் காலணி விற்கிறார்கள். என்னுடையது எட்டாயிரம் ரூபாய். அட்டையை அது தடுக்காது.

1989-ல் பள்ளி விளையாட்டு விழாவில் நெடுந்தூர ஓட்டத்தில் மூன்றாவதாக வந்தேன். பரிசு ஓர் எவர்சில்வர் டம்ளர், பேர் வெட்டியது. மூன்று பேருக்குத்தான் பரிசு. நாலாவதாக வந்தவன் அன்று அழுதது இன்னும் நினைவிருக்கிறது. இந்த ஓட்டத்தில் அப்படி யாரும் அழ வேண்டியதில்லை. பதக்கம் எல்லோருக்கும் உண்டு என்று பணம் கட்டும்போதே உறுதி தந்துவிட்டார்கள்.

புறப்பட்ட இடம் சிம்ஸ் பூங்கா வாசல். லேம்ஸ் ராக் சாலையில் ஐந்து கிலோமீட்டர் போய்த் திரும்ப வேண்டும். காலை ஆறரை மணி, வாயைத் திறந்தால் புகை. முன்வரிசையில் ஒட்ட முடி வெட்டிய இளைஞர்கள் சிலர். வெலிங்டன் பட்டாளத்துக்காரர்களாக இருக்க வேண்டும். சிறு வயதில் அவர்கள் முதுகு மூட்டையோடு மலையேறி ஓடுவதைப் பார்த்துப் பாவம், என்ன தப்புச் செய்தார்களோ என்று நினைத்திருக்கிறேன். இப்போது அவர்கள் என்னைத் திரும்பிப் பார்த்திருந்தால் அதையே நினைத்திருப்பார்கள். ஆனால் அவர்கள் திரும்பிப் பார்க்கவில்லை.

இரண்டாவது கிலோமீட்டர் ஏற்றத்திலேயே மூச்சு கட்டிக்கொண்டது. உயரம், காற்று கம்மி என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். கோயமுத்தூர்க்காரனுக்கு இது வசதியான சாக்கு; ஆனால் நான் இங்கேயே பிறந்தவன். அதோடு, படித்த ஒரு விஷயமும் குறுக்கே வந்தது. 1968 ஒலிம்பிக் நடந்த மெக்சிகோ நகரம் சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது; நம் ஊட்டியும் அதே உயரம்தான். கடல்மட்டத்தில் உள்ள காற்றழுத்தத்தில் முக்கால் பங்குதான் அங்கே. பத்தாயிரம் மீட்டரில் 27 நிமிடம் 39.4 நொடி என்று உலக சாதனையைக் கையில் வைத்திருந்த ஆஸ்திரேலியாவின் ரான் கிளார்க் அங்கே ஆறாவதாக வந்து, கோட்டைத் தாண்டியதும் நினைவிழந்து விழுந்தார். தங்கம் கென்யாவின் நஃப்தாலி தெமுவுக்கு, 29 நிமிடம் 27.4 நொடியில். வெள்ளி எத்தியோப்பியாவின் மாமோ வோல்டேவுக்கு. இருவருமே மேட்டு நிலத்து ஆட்கள். அந்தக் கணக்குப்படி நான் தெமு கட்சி. ஆனால் குன்னூர் ஊட்டியைவிட ஏறத்தாழ 400 மீட்டர் தாழ்வு. அந்தச் சாக்கும் போயிற்று.

ஏழாவது கிலோமீட்டர் வளைவில் எல்லோரும் நின்றிருந்தார்கள். தண்ணீர் தருகிறார்கள் என்று நினைத்து ஆசையாக வேகத்தைக் கூட்டினேன். தண்ணீர் இல்லை, காட்டுமாடு. ஒற்றைக் கொம்பன், மற்றது பாதியில் முறிந்திருந்தது. முழங்காலுக்குக் கீழே காலுறை போட்டதுபோல் வெள்ளை. முதுகில் பனி ஈரம் மின்ன, சாலை நடுவில் எங்களைப் பார்த்தபடி அசைபோட்டுக்கொண்டு நின்றது. தொண்டர் பையன் விசிலை வாயில் வைத்தான், ஊதத் துணியவில்லை. ஓடிவந்தவர்கள் அத்தனை பேரும் செய்த முதல் காரியம், கைக்கடிகாரத்தை நிறுத்தியது. அடுத்தது, போட்டோ எடுத்தது. என் சின்ன வயதில் தோட்டத்தில் காட்டுமாட்டைக் கண்டால்தான் ஓடுவோம். இப்போது ஓட வந்த இடத்தில் அதைக் கண்டு நிற்கிறோம்.

மேல்மேட்டில் கொழுந்து எடுக்கப் போய்க்கொண்டிருந்த ஒரு பெண், கூடையைச் சரிசெய்தபடி கீழே பார்த்துக் குரல் கொடுத்தார்: "பேசாம நில்லுங்க சார், அதுவே போயிரும்." போயிற்று. நாலு நிமிடம் கழித்து.

வீட்டுக்கு வந்து பதக்கத்தை அம்மா கையில் கொடுத்தேன். உள்ளங்கையில் வைத்து லேசாக ஏற்றி இறக்கினார். ஆயுசெல்லாம் கொழுந்தைக் கையாலேயே எடை பார்த்த கை. "நூறு கிராம்கூட வராது" என்றார். நான் ஓடிய நேரம் என்ன என்று கேட்டார். ஒரு மணி இருபத்தொரு நிமிடம், ஆனால் அதில் நாலு நிமிடம் காட்டுமாடு நின்றது, அதைக் கழிக்கவில்லை என்று புலம்பினேன். மார்பில் குத்திய எண்ணுக்குப் பின்னால் ஒரு சிப்பு இருக்கிறது, அதற்கு மாடு தெரியாது, மனுசன் தெரியாது, கோட்டை எப்போது தாண்டினோம் என்பது மட்டும்தான் தெரியும் என்று விளக்கினேன்.

அம்மாவுக்கு இது உடனே புரிந்தது. மழை நாளில் கொழுந்து நிறுக்கும்போது ஈரத்துக்கென்று கழிப்பார்கள், கூடைக்கென்று கழிப்பார்கள். வெயிலில் வாடினதற்கு யாரும் கூட்டிப் போட்டதில்லை.

"போய்க் கேட்டியா?"

"யார்கிட்ட கேக்குறது?"

"நாங்களும் அதான் கேக்கல." அடுப்படிக்குப் போய் டீயை ஆற்றிக்கொண்டு வந்தார். அதே எவர்சில்வர் டம்ளர். வெட்டிய எழுத்தில் என் பேரின் முன்பாதி தேய்ந்து, பின்பாதிதான் படிக்கிற மாதிரி இருந்தது.

"ஒரு மணி இருவத்தொன்னுல பத்துக் கிலோ," என்று வாய்க்குள் கணக்குப் போட்டார். "அரைப் பேருதான் தம்பி."